முட்டுக்காய்க் கல்

மழை பெய்தாலும் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். மழை தகரத்துக்கு மேலே பெய்கிறது, கல் தகரத்துக்குக் கீழே கிடக்கிறது. இந்தச் சின்ன விஷயத்தை ஊரில் ஒருத்தருக்கும் விளங்க வைக்க முடியாமல் றுக்கியா களைத்துப் போயிருந்தாள். "மழைக்குள்ள என்னத்துக்குடி தண்ணி அள்றாய்?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எத்தாளை ஊருக்கும் கடலுக்கும் நடுவில், தென்னந்தோப்பு முடிந்து வெறும் மணல் தொடங்குகிற இடத்தில் அவர்களுடைய கல் வாடி இருந்தது. நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டில், ஒரு கிணறு, ஒரு கலவை மெஷின், பதினைந்து இரும்பு அச்சு, அவ்வளவுதான். முன்பு அது வெங்காயத் தோட்டம். வெங்காயம் கைவிட்ட வருஷம் அவள் புருஷன் பதியுதீன் கொழும்புக்குப் போய் ஆறு வருஷம் மூட்டை தூக்கினார். இரண்டு பெருநாளைக்கு மட்டும் வந்து போவார். கடைசியாக வந்தபோது இடுப்பில் நாரி பிடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த வருஷம்தான் மின் நிலையத்துச் சாம்பலில் கல் செய்யப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேருமாகப் போய்ப் படித்துவிட்டு வந்தார்கள்.

நிலக்கரி எரிந்து மிஞ்சுகிற சாம்பல் அது. படங்குத் துணி மூடிய லொறியில் வரும். சலித்த இடியப்ப மாவைவிட நொய்வானது. கையில் அள்ளினால் தண்ணீரைப் போல விரலிடுக்கில் வழிந்துவிடும். அதைச் சீமெந்தோடும் கல்தூளோடும் மணலோடும் அளவாகச் சேர்த்துக் குழைத்தால் கல்லாகும். ஆனால் அவசரப்படாது. வெறும் சீமெந்து ஒரு வாரத்தில் காட்டுகிற பலத்தைச் சாம்பல் சேர்ந்தது நாலு வாரத்தில்தான் காட்டும். அந்த நாலு வாரமும் ஈரம் காயக் கூடாது. காலையும் பின்னேரமும் சாக்கை விலக்கித் தண்ணீர் ஊற்றி, மறுபடி மூடவேண்டும். அது றுக்கியாவின் வேலை. அவள் தொழுகைக்கு முன் ஒளுச் செய்து கை கழுவுகிறபோது முழங்கையிலிருந்து வடிகிற முதல் தண்ணீர் எப்போதும் சாம்பல் நிறமாகவே இருந்தது.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அகதி முகாமில் இருந்த காலத்தில் தோட்டங்களில் தேங்காய் பொறுக்கி வளர்ந்தவள் அவள். கல்லுக்கும் தேங்காய்க் கணக்குத்தான் வைத்திருந்தாள். முதல் வாரம் குரும்பை. இரண்டாம் வாரம் இளநி. மூன்றாம் வாரம் முட்டுக்காய், இளநியும் இல்லை தேங்காயும் இல்லை என்கிற இரண்டுங்கெட்டான். இருபத்தெட்டாம் நாள் தேங்காய். கரண்டிக் காம்பால் தட்டிப் பார்ப்பாள். முட்டுக்காய்க் கல் 'தொக்' என்னும். தேங்காய்க் கல் 'ணங்' என்னும்.

கல் நன்றாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. சாம்பல் என்ற சொல்லே ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. கக்கூசுச் சுவருக்கும் ஆட்டுக் கொட்டிலுக்கும் வாங்கினார்கள். "வீட்டுக்கு வேணாம் பதியுதீன் நானா, சாம்பலுக்குள்ள குடியிரிக்கிற மாதிரி இரிக்கும்" என்றார்கள். சாம்பல் எடுப்பது குறைந்தால் லொறி வேறு இடத்துக்குத் திரும்பிவிடும் என்று மின் நிலையத்திலிருந்து ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொழும்பிலிருந்து பழைய முதலாளியும் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். பதியுதீன் அந்தப் போனை வெளியே போய் நின்று கதைத்தார். அவர் வெளியே போய்க் கதைத்ததுதான் றுக்கியாவுக்குப் பயமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் பள்ளிவாசலிலிருந்து அந்த வேலை வந்தது.

மாரியின் முதல் மழைக்கு, இறந்தவர்களை அடக்குகிற மையவாடியில் ஒரு கபுர்க் குழி உள்வாங்கிவிட்டது. யாஸீன் ஓதப் போன பாங்கு சொல்கிற மோதினார் முஆஸின் கால் முழங்கால் வரை உள்ளே போனது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது மணல் பூமி, பக்கத்தில் களப்பு. கபுருக்குள் கிடத்திய மையத்தின் மேல் மண் இறங்காமல் குறுக்கே வைக்கிற சீமெந்துப் பலகைக் கல்லின் கம்பியை உப்புத் தின்று, கல் வெடித்து விழுந்திருந்தது. நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஹாசிம் ஹாஜியார் நேரே வாடிக்கு வந்து, நாலு கபுருக்குக் கல் வார்த்து வைக்கச் சொன்னார். கபுருக்கு ஆறு, மொத்தம் இருபத்து நாலு. பள்ளி வாங்கினால் ஊர் வாங்கும். பதியுதீன் அன்றைக்கே அச்சைத் துடைத்து எண்ணெய் பூசினார்.

கல் வார்த்து ஐந்தாம் நாள். கல் குரும்பையாக இருந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் மறுபடி வந்தார். கூடவே புதிய மௌலவி, மெலிந்த இளம் ஆள். அவர் கையில் ஹாஜியாரின் குடை. றுக்கியா கதிரை இரண்டைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சாக்குக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"பதியுதீன், ஒரு சிக்கல் இரிக்கி" என்றார் ஹாஜியார்.

"என்ன ஹாஜியார்?"

"மௌலவி சொல்லட்டும்."

மௌலவி தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். "தப்பா எடுக்க வேணாம் நானா. நெருப்புப் பட்ட சாமானக் கபுருக்குள்ள வைக்கிறது மக்ரூஹ், நல்லதில்ல எண்டு கிதாபுல இரிக்கி. அதாலதான் சுட்ட செங்கல் வைக்கிறல்ல. இது சாம்பல் எண்டு நேத்துத்தான் எனக்குத் தெரியும்."

"சாம்பல் எண்டா நெருப்புட எச்சில்" என்றார் ஹாஜியார். "நெருப்பு திண்டுட்டுத் துப்பினது. அதக் கொண்டுபோய் மையத்துக்கு மேல வைக்கிறதா?"

பதியுதீன் சாரத்தின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றால் அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தம். இன்னும் இரண்டு நாளில் கொழும்புக்குத் துணிப் பை கட்டுவார். சாக்குக் குவியலுக்குப் பின்னாலிருந்து றுக்கியாவின் குரல் வந்தது.

"அப்ப சீமெந்து?"

"என்ன புள்ள?"

"இவ்வளவு காலமும் வெச்ச சீமெந்து என்ன ஹாஜியார், களப்புல விளைஞ்சதா? கல்லக் கொண்டுபோய்ச் சூளையில போட்டு வேக வெச்சு அரைச்சு எடுக்கிறதுதானே. புத்தளத்துச் சீமெந்து ஆலையில புகை போறது எங்கட கண்ணுக்குத் தெரியல்லயா?"

ஹாஜியார் மௌலவியைப் பார்த்தார். மௌலவி றுக்கியா நின்ற திசையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. பாடம் கேட்கிற பிள்ளையின் முகம் போலிருந்தது.

"ராத்தா சொல்றது சரி" என்றார். "நான் அதை யோசிக்கல்ல."

அவர்கள் போனதும் பதியுதீன் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார். "வாயடைச்சிட்டாய்டி! ஹாஜியார் குடையையும் மறந்திட்டுப் போறார், பாரு!" என்று அந்தக் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் இரண்டு சாளை மீன் கூடுதலாகப் பொரித்தாள் றுக்கியா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் திரும்பி வந்தபோது தொப்பியைக் கழற்றாமலே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நீ சொன்னது முழுக்கச் சரியாம். மிம்பர் மேடைக்குப் பக்கத்துல நிண்டு மௌலவி எல்லாருக்கும் சொன்னார்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"பொறு. சாம்பல் நெருப்புப் பட்டது, அது வேணாம். சீமெந்தும் நெருப்புப் பட்டது, அதுவும் வேணாம். இனி மரப் பலகை மட்டும்தானாம்."

றுக்கியா வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்கட கல்லயும் வெட்டி, ஊர்க் கல்லயும் வெட்டிட்டாய்" என்றார் பதியுதீன். "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஞாயிறு காலையிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஊரில் பதினைந்து வருஷமாகச் சீமெந்துக் கல்தான் வைத்திருக்கிறார்கள். யாருடைய வாப்பா, யாருடைய பிள்ளை என்று எல்லோருக்கும் ஒரு கபுர் இருந்தது. மௌலவியிடம் போய்க் கேட்கக் கூச்சம். கிளப்பிவிட்டவளிடம் கேட்கக் கூச்சமில்லை.

"எங்கட வாப்பாட தலைமாட்டுல நெருப்பயா வெச்சிட்டு வந்தோம் றுக்கியா?" என்று ஷஃபீனா அழுதாள். "எட்டு வருஷமா அவருக்குச் சுட்டுக்கொண்டா கிடந்திருக்கும்?"

"அப்படி இல்ல ஷஃபீனா. மக்ரூஹ் எண்டா ஹராம் இல்ல. நான் கல்லுக்காகச் சொன்ன கதை அது."

"நீ கல்லுக்காகச் சொன்னாய். நான் தூங்கி ரெண்டு நாள்."

வந்தவர்கள் எல்லோரும் கல்லை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்த பார்வை நல்லதாக இல்லை. பதியுதீன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீ வாயைத் திறந்தாய், ஊர்ல உள்ள எல்லாக் கபுரும் திறந்திட்டுது" என்றார். பின்னேரத் தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை என்று றுக்கியா எழுந்து போனாள்.

மௌலவியும் தூங்கவில்லை போலும். தான் ஓதிய மத்ரஸாவின் உஸ்தாதுக்குப் போன் எடுத்துக் கேட்டு, திங்கட்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியிலேயே சொன்னார். மண் இறுகாத இடத்தில், வேறு வழியில்லாத தேவைக்குக் கல் வைக்கலாம், வைத்த கபுர்களைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படத் தேவையில்லை என்று. ஊர் மூச்சு விட்டது. ஷஃபீனா வட்டிலப்பம் செய்து பள்ளிக்கு அனுப்பினாள்.

பதியுதீன் அன்றிரவே ஹாஜியாரைத் தேடிப் போனார். ஹாஜியார் பிடி கொடுக்கவில்லை. "கூடும் எண்டு மௌலவி சொல்லிட்டார். ஆனா நானாகக் கொண்டுபோய் ஒருத்தர்ட மையத்துக்கு வைக்க மாட்டேன். இவ்வளவு அழுகைக்குப் பிறகு ஏலாது. ஆராவது தாங்களாகக் கேக்கட்டும். ஒரு கபுருக்கு வெச்சுப் பார்ப்பம். நிண்டா, பிறகு பள்ளிக்கு எப்பவும் உங்கட கல்தான்."

"ஆரு கேப்பாங்க ஹாஜியார்? தனக்கு இந்தக் கல்ல வையுங்க எண்டு ஆரு கேப்பாங்க?"

"அதுதான் நானும் சொல்றேன்."

கேட்க ஒருத்தி இருந்தாள். பத்தாம் நாள் காலையில் அவள் வாடிக்கு வந்தாள். சித்தி லெய்லா, அறுபது கடந்தவள். முப்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரி, முழங்கால் தேய்ந்து, இப்போது மீனவ மகன் றிம்ஸானின் வீட்டில் இருக்கிறாள். வாய் மட்டும் தேயவில்லை. கையில் ஒரு போத்தல் கூனி இறால் சம்பல்.

"ரொட்டி சுட்டியா புள்ள?"

"சுட்டேன் லெய்லா மாமி, வாங்க. நீங்களும் மாமாட கபுருக்கு அழத்தான் வந்தீங்களா?"

"அந்த மனுஷனுக்கா? உசிரோட இருக்கக்கே அழுத அழுகை போதும். எனக்குக் கேட்டு வந்தேன்."

இரண்டு பேரும் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக் கூனிச் சம்பலில் தொட்டுத் தின்றார்கள். லெய்லா மென்றபடியே சாக்கை விலக்கி, கல்லில் விரல் முட்டியால் தட்டினாள்.

"கம்பி போட்டதா?"

"ஓம் மாமி."

"அப்ப இதையும் உப்புத் தின்னுமே. அளத்துல பார்த்திரிக்கேன். உப்பு மெல்ல உள்ள போய்க் கம்பியத் தின்னும். கம்பி வீங்கும். சீமெந்து பாண் வெடிக்கிற மாதிரி வெடிக்கும்."

"சாம்பல் சேர்ந்தாக் கல்லுக்குள்ள இடைவெளி அடைபட்டுப் போகும் மாமி. உப்புத் தண்ணி லேசில உள்ள போகாது. அதுதான் இதுட கெட்டித்தனம். ஆனா மெதுவாத்தான் அடையும். பத்து நாள்தான் ஆகுது, இப்ப இளநி."

"கல்லுலயும் இளநியா!" லெய்லா சிரித்ததில் ரொட்டி புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு இதையே வை. முப்பது வருஷம் முழங்கால் வரைக்கும் உப்புத் தண்ணியில நிண்டேன். அங்க போயும் உப்புத் தண்ணியில படுக்க ஏலாது. நான் ஹாஜியாரிட்டயே சொல்றேன்."

"மாமி, விளையாட வேணாம்."

"மௌத்துல என்னடி விளையாட்டு? எப்ப முத்தும்?"

"இன்னும் பதினெட்டு நாள்."

"பதினெட்டு நாள்தானே. இருந்து பார்ப்பம்."

சொன்னபடியே ஹாஜியாரின் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். இது தன்னுடைய வஸிய்யத், கடைசி விருப்பம் என்று மகனிடமும் சொன்னாள். ஊர் சும்மா இருக்குமா? "லெய்லா ராத்தா, கல் காஞ்சிட்டாமே, எப்ப பயணம்?" என்று கடைத்தெருவில் கேட்டார்கள். "நீ முந்தினா உனக்குத் தாறேன்டா" என்றாள் அவள். தினமும் காலையில் வாடிக்கு வந்து தட்டிப் பார்த்தாள். றுக்கியா நல்லதாக ஆறு கல்லைத் தெரிந்து தனியாக ஒரு ஓரத்தில் அடுக்கி வைத்தாள். ஊரின் பேச்சிலும் ஒரு தளர்வு வந்தது. மதில் கட்ட எவ்வளவு கல் வேண்டும் என்று இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். கொழும்பிலிருந்து மறுபடி போன் வந்தபோது பதியுதீன் வாடிக்குள் நின்றே கதைத்தார். "கொஞ்சம் பொறுங்க முதலாளி, இஞ்ச ஒரு வேலை இரிக்கி" என்றார்.

பதினாறாம் நாள் லெய்லா வந்தபோது இருமிக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் கூனி கொண்டாறேன், நீ ரொட்டிக்குத் தேங்காய்ப்பூக் கூடப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினேழாம் நாள், சுபஹு தொழுத பாயிலேயே அவள் சாய்ந்துவிட்டாள் என்று முஆஸின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்.

விடிந்ததிலிருந்து மழை. எட்டு மணிக்கு றிம்ஸான் லேண்ட்மாஸ்டர் ட்ரெக்டரை ஓட்டிக்கொண்டு வந்தான். இழுவைப் பெட்டியில் ஹாஜியார் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், பின்னால் முஆஸ். பதியுதீன் அழுதுகொண்டேதான் கல்லைத் தூக்கினார், ஆனால் கெதியாக, அவசரமாகத் தூக்கினார். நாரி வலியைக்கூட மறந்துவிட்டார். இரண்டு கல் ஏறிவிட்டது. மூன்றாவதைத் தூக்கும்போது றுக்கியா குறுக்கே வந்து நின்றாள். கையில் கரண்டி.

"இறக்குங்க."

"என்ன?"

"இறக்குங்க எண்டேன்." அவள் பெட்டியில் கிடந்த கல்லைத் தட்டினாள். தொக். மற்றதைத் தட்டினாள். தொக். "இது இன்னும் முட்டுக்காய்தான் ஹாஜியார். பதினேழு நாள். தர ஏலாது."

பதியுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார், "உனக்குப் பைத்தியமா? உள்ள போ."

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே கலந்தீங்க."

"எனக்குத் தெரியும், இது நிக்கும்!" அவர் கத்தினார். இரண்டு சுவர்க் கல்லை இழுத்துப் போட்டு, ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே வைத்து, அதன் நடுவில் ஏறி நின்றார். கல் அசையவில்லை. ஒரு தரம் குதித்தும் காட்டினார். "பாருங்க ஹாஜியார்! பாருடா றிம்ஸான்! எங்க வெடிக்குது?"

ஹாஜியார் றுக்கியாவைப் பார்த்தார்.

"நீங்க இறங்கிடுவீங்க" என்றாள் அவள் புருஷனிடம். "மண் இறங்குமா? நனைஞ்ச மண். இண்டைக்கு முழுக்க மழை, நாளைக்கும் மழை. பிஞ்சுக் கல்லுல பாரமும் உப்பும் ஏறினா முத்துறதுக்கு முந்தியே வெடிச்சிடும்."

பதியுதீன் கல்லின் மேலேயே நின்றார். இறங்கினால் ஏதோ முடிந்துவிடும் என்பது போல நின்றார்.

றிம்ஸானின் கண் சிவந்திருந்தது. "உம்மா உங்களிட்டதானே ராத்தா கேட்டா. ஊர்ல ஒருத்தரும் வாங்காத கல்ல எங்கட உம்மாதானே கேட்டா. தினம் வந்து தட்டினாவே, அது விளையாட்டா உங்களுக்கு?"

"அதாலதான்டா ஏலாது எண்றேன்."

"வஸிய்யத்து!"

"தெரியும்."

ஹாஜியார் குடையை மடக்கினார். "புள்ள, முதல்ல நாங்க நெருப்பு எண்டு வேணாம் எண்டோம். பிறகு ஆராவது கேக்கட்டும் எண்டோம். கேட்டவ மௌத்தாகிட்டா. இப்ப நீங்க பிஞ்சு எண்டு வேணாம் எண்றீங்க. இதுக்குப் பிறகு இன்னொருத்தர் கேப்பாங்க எண்டு எனக்குத் தோணல்ல. விளங்குதா?"

"விளங்குது ஹாஜியார்."

"அப்பவும் தர மாட்டீங்க?"

"மாட்டேன்."

முஆஸ்தான் மெதுவாகச் சொன்னான். கரையில் றிம்ஸானின் உடைந்த தோணி ஒன்று கிடக்கிறது, அதன் பலகை தடிப்பானது, அறுத்தால் கபுருக்குப் போதும் என்று. றிம்ஸான் பெட்டியிலிருந்த இரண்டு கல்லையும் இறக்கி வைத்தான். எறியவில்லை. இறக்கித்தான் வைத்தான். லேண்ட்மாஸ்டர் கடற்கரைப் பக்கம் போனது.

மையத்து வீட்டுக்கு றுக்கியா போனபோது பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். மரியாதைக்கு விட்ட இடமில்லை. "வஸிய்யத்தையே தட்டிட்டாளாம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. குளிப்பாட்டுகிற இடத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் குறைந்தது. அவள் கேட்காமலே போய்ச் சட்டியை எடுத்துக்கொண்டாள். ஒருத்தரும் தடுக்கவில்லை. லெய்லாவின் உள்ளங்காலில் உப்பு வெட்டிய பழைய கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. அங்கே மட்டும் றுக்கியா இரண்டு சட்டி ஊற்றினாள்.

ஆண்கள் மையத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் அவள் நனைந்தபடியே வீட்டுக்கு வந்தாள். காலையில் பிசைந்த ரொட்டி மா அப்படியே கிடந்தது. சுடவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை. மூடி வைத்தாள்.

அஸருக்கு முன்பு பதியுதீன் வந்தார். சாரம் முழங்கால் வரை மணல். பின்னாலேயே ஹாஜியார். அவர் கதிரை கேட்கவில்லை, தகரத்தின் கீழே நின்றார்.

"அடக்கிட்டோம்" என்றார். "குழி பாதி வெட்டக்கே ஒரு பக்கம் சரிஞ்சிட்டுது. மறுபடி வெட்டினோம். மண் எண்டா மண் இல்ல, கஞ்சி. தோணிப் பலகை நாலு விரல் தடிப்பு, அதுவே மண்ண ஏத்தக்கே முனகிச்சு." கொஞ்சம் நின்று, "அந்தச் சத்தத்த நானும் கேட்டேன், றிம்ஸானும் கேட்டான், உங்கட மனுஷனும் கேட்டார்" என்றார்.

பதியுதீன் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் குனிந்து ஒரு சாக்கை விலக்கினார். பிறகு றுக்கியாவிடம் கையை நீட்டினார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் தட்டினார். தொக்.

"தேங்காய் எப்பிடிக் கேக்கும்?"

அவள் கக்கூசுச் சுவருக்கென்று செய்து விலைபோகாமல் ஓரத்தில் கிடந்த பழைய கல் ஒன்றைக் காட்டினாள். அதைத் தட்டினார். ணங். இரண்டையும் மாறி மாறித் தட்டிக் கேட்டார். கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் எத்தனை நாள்?"

"பதினொண்டு."

"பதினொரு நாள்." அவர் குடையை விரித்தார். "அது வரைக்கும் ஊர்ல ஒருத்தரும் மௌத்தாகாம இரிக்க துஆக் கேளுங்க. பலகையும் இல்ல, இனித் தோணியும் இல்ல."

வாங்குகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மழைக்குள் இறங்கிப் போனார்.

பதியுதீன் வாளியை எடுத்து, கிணற்றில் விட்டு, நாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இழுத்தார். கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். வார்த்த கல்லுக்கு ஊற்ற அவர் தண்ணீர் அள்ளுவது இதுதான் முதல் தடவை. அவள் வரிசையாகச் சாக்கை விலக்கி ஊற்றிக்கொண்டு வந்தாள். லெய்லாவுக்கென்று தனியாகத் தெரிந்து வைத்த ஆறு கல்லுக்கும் வந்தாள். அங்கே இரண்டாவது வாளியும் போனது.

"கூட ஊத்தினாக் கெதியா முத்தாது றுக்கியா" என்றார் அவர்.

"தெரியும்" என்றாள். ஊற்றினாள்.